மண்ணெண்ணெய் டின்மேல் ஏறி நின்ற சரித்திரம்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவர்கள் கதையில் வருகிற ஆட்கள் எல்லாரும் செத்துப் பல நூறு வருஷம் ஆகியிருக்கும். அரசியின் இடையைக் கொடி என்று வர்ணித்தால், அரசியின் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து 'எந்தக் கொடி?' என்று கேட்கமாட்டார். தளபதியைக் கோழை என்று எழுதினால், தளபதியின் மச்சான் பாசாரில் வழிமறிக்கமாட்டான். இந்த எளிய உண்மை எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்திருக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களை வைத்து, அதுவும் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களை வைத்து, ஒரு சரித்திரக் கதை எழுதினேன். அதைக் கரும்பலகையிலும் எழுதினேன். போதாததற்கு, அதில் எது உண்மை எது பொய் என்று விசாரித்து வரச்சொல்லி ஒரு வகுப்பையே ஊருக்குள் அனுப்பிவைத்தேன்.

அப்போது நான் மலாக்காவில், காஜா பெராங் சாலைக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் நிற்கும். நாங்கள் வாயசைப்பதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். ஆள் குள்ளம். எடையைப் பற்றிச் சொல்வதற்கில்லை. பலத்த காற்று அடிக்கும் நாளில் சைக்கிள்தான் என்னைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் மனசுக்குள் நான் ஆறடி. கப்பலில் வரும் பத்திரிகைகளில் தொடர்கதை படித்துப் படித்து, இடுப்பில் வாள் இல்லாத குறை ஒன்றைத் தவிர வேறு குறை இல்லாதவனாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுதந்திரத்துக்குச் சில மாதங்களே இருந்த நேரம். எங்கள் தலைமையாசிரியர் சிவக்கொழுந்து ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பெரிய மீசை, சின்னக் குரல்.

"தம்பி, கொண்டாட்டத்துக்குப் பிள்ளைங்க கையெழுத்துல ஒரு மலர் போடணும். கட்டுரை வேண்டாம். கட்டுரைன்னா 'சுதந்திரம் நமது உயிர்'னு ஆரம்பிச்சு அதே வரியில முடிச்சிடுறானுங்க. வேற என்னா செய்யலாம்?"

"சரித்திரக் கதை எழுத வைக்கலாம் சார்."

"சரித்திரமா? ஏழாம் வகுப்புக்கு ராஜா ராணி எல்லாம் எதுக்கு?"

"ராஜா ராணி இல்ல சார். உண்மையா நடந்தது. போன வருஷம் பண்டார் ஹிலிர் திடல்ல சுதந்திர நாளை அறிவிச்சாங்களே, அது. பிள்ளைங்க எல்லாம் போயிருந்தாங்க. கண்ணால பார்த்த சரித்திரம்."

அவர் மீசையைத் தடவினார். "போன வருஷம் நடந்தது அதுக்குள்ள சரித்திரமாயிடுச்சா?"

"அதுதான் சார் புது முறை," என்றேன். (அப்படி ஒரு முறை எங்கும் கிடையாது. அந்த நிமிஷம் வாயில் வந்தது.)

லண்டனில் பேச்சு முடித்துத் திரும்பிய தலைவர் நேரே மலாக்காவுக்கு விமானத்தில் வந்து, அந்தத் திடலில் நின்றுதான் நாளைச் சொன்னார். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்தார்கள். செங், குருபோங் பக்கமிருந்தெல்லாம் சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். கடல் ஒரு பக்கம், ஜனக்கடல் மறுபக்கம். இதைவிடச் சரித்திரம் வேறென்ன வேண்டும்? பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, ஏதோ காவியங்களை வாங்கப்போகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

மாரிமுத்து எழுதியிருந்தான்: 'அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்ற சீனரின் தொப்பி மிகவும் நன்றாகத் தெரிந்தது.' அஞ்சலை எழுதியிருந்தாள்: 'சிவப்பு ஐஸ் தீர்ந்துவிட்டது. பச்சை ஐஸ்தான் கிடைத்தது. பிறகு எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.' இன்னொருவன் செருப்பைத் தொலைத்த கதையை முழுப்பக்கத்துக்கு எழுதி, தலைவர் பேசியதை ஓரத்தில் சின்னதாகச் சேர்த்திருந்தான்.

"குதிரை எங்கடா?" என்றேன்.

"குதிரை வரல சார். லாரிதான் வந்துச்சு."

"லாரியை வச்சு சரித்திரக் கதை எழுத முடியுமா?"

"எங்கப்பா லாரி சார் அது," என்றாள் அஞ்சலை. குரலில் கொஞ்சம் வருத்தம்.

சரித்திரத்தை இவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். நானே ஒரு மாதிரிக் கதை எழுதிக் காட்டுவது. அங்கேதான் வினை பிடித்தது. ஏனென்றால், அந்த நாளில் திடலில் நான் கண்ட சரித்திரம் வேறு.

அதைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் நான் ஒரு மண்ணெண்ணெய் டின்னோடு போயிருந்தேன். என் உயரத்துக்கு அது இல்லாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால், மற்றவர்களுக்குக் கிடைப்பதில் முக்கால்வாசி எனக்கும் கிடைக்கும். தலைவர் வரும் நேரம். கூட்டம் இறுகியது. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் அண்ணன் பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறாள். மஞ்சள் கெபாயாச் சட்டை, சாரோங், கொண்டையில் வெள்ளி ஊசி. மங்களம்.

எனக்கு அவளை முன்பே தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாது. (இதைத்தான் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) கோயிலை ஒட்டிய செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் அவள் வீடு. மலாக்காச் செட்டிகளுக்குப் பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் மலாய். தமிழ் பல தலைமுறைக்கு முன்னாலேயே அந்த வீடுகளிலிருந்து விடைபெற்றுக்கொண்டு, போகிற அவசரத்தில் சில சொற்களை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தது. எனக்குத் தெரிந்த மலாயோ மீன் விலை பேசவும், மிச்சம் இருந்தால் மீன்காரரோடு சண்டை போடவும் மட்டும் போதுமானது.

ஆகவே நான் பேசவில்லை. டின்னிலிருந்து இறங்கி, அதைக் கையால் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், ஏறினாள். அதற்குப் பிறகு அந்தத் திடலில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. முன்னால் ஆட்களின் முதுகு. பக்கத்தில், என் கண் மட்டத்துக்கு, அவள் முழங்கை. அந்த முழங்கை ஒவ்வொரு முறை உயரும்போதும் நாட்டுக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். எல்லாம் முடிந்து இறங்கி, "தெரிமா காசே," என்று நன்றி சொல்லிவிட்டு அப்பாவோடு போய்விட்டாள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். அவள் கண்ணெதிரில் டின்னும் கையுமாக நிற்க வெட்கம்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு வாக்கியத்தை மலாயில் தயார் செய்துகொண்டிருந்தேன். 'அன்றைக்குத் திடலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததா?' அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டால் அவள் ஏதாவது சொல்வாள். அதற்கு நான் ஏதாவது சொல்வேன். பிறகு பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். (என் பக்தியைப் பார்த்து எங்கள் தோட்டத்தில் எனக்குப் பெண் கொடுக்கவே மூன்று பேர் யோசித்தார்கள்.) அவள் வருவாள். வாக்கியம் தொண்டை வரை வரும். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். வார்த்தைகளின் வரிசை சரிதானா என்ற சந்தேகம் ஒவ்வொரு வாரமும் அங்கே போய்த்தான் வரும்.

மாதிரிக் கதை எழுத உட்கார்ந்தபோது, வாயில் வராதது எல்லாம் சாக்பீஸில் வந்தது. தலைப்பு 'திடல் கண்ட திருமகள்'. இன்றைக்கும் எனக்குப் பாதி மனப்பாடம். மறக்க எவ்வளவோ பாடுபட்டும் போகவில்லை.

'கதிரவன் தன் பொற்கரங்களால் மலாக்காத் திடலைத் தழுவிய அந்நன்னாளில், வடதிசை நகரினின்று வந்தாள் ஒரு நங்கை. மஞ்சள் ஆடை. கொண்டையில் வெள்ளி ஊசி. மீனையொத்த விழிகள். இடையில் அண்ணன் பெற்ற செல்வம். தலைவரின் திருமுகம் காணாது அவள் தவித்தபோது, நெடிதுயர்ந்த ஓர் இளைஞன் தான் நின்றிருந்த சந்தன மணையை அவளுக்கு ஈந்தான். தலைவரின் சொல் கேட்டு அவன் விழிகள் பனித்தன.'

கடைசி வரி இது: 'விடைபெற்றுச் சென்ற நங்கை, மக்கள் வெள்ளத்தின் விளிம்பில் நின்று, ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.'

எழுதி முடித்துவிட்டு, வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "சரித்திரக் கதைன்னா இதுதான். எல்லாம் உண்மையா நடந்திருக்கணும். அதுக்குள்ள ஒரே ஒரு கற்பனை இருக்கணும். படிக்கிறவங்களால அது எதுன்னு கண்டுபிடிக்க முடியக்கூடாது. இந்தக் கதையிலயும் ஒண்ணு இருக்கு. எதுன்னு விசாரிச்சு, திங்கக்கிழமை வந்து சொல்லணும்."

அந்த ஒன்று, அவள் திரும்பிப் பார்த்தது. உயரம், சந்தனம், கண்ணீர் எல்லாம் அலங்காரம். கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம், 'அன்னிக்கு வெயிலா, மழையா' என்று கேட்பார்கள். அதோடு சரி என்பது என் நினைப்பு.

"யாரைக் கேக்கலாம் சார்?" என்றான் மாரிமுத்து.

"அங்க இருந்தவங்க யாரை வேணும்னாலும்."

"நேர்ல போயா சார்?"

"பின்ன? சரித்திரம் எழுதுறவன் நேர்ல போவணும். ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. ரெண்டு சாட்சி இருந்தாத்தான் எழுதணும். மரியாதையா கேக்கணும். பதில் கிடைக்காம திரும்பக்கூடாது."

ஒரு மனிதன் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள இவ்வளவு தெளிவாக வழிமுறை சொல்லிக் கொடுத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். புது முறையைப் பார்க்க வேண்டுமாம். அஞ்சலை எழுந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, முகத்தில் நீதிபதியின் களை.

"சார், ஒரு பொய்தான் இருக்கும்னு சொன்னீங்க. எங்களுக்கு நெறைய கிடைச்சிருக்கு."

"நெறையவா?"

"மொதல்ல, அந்த இளைஞன் உயரம் இல்ல. ஐஸ் கடை காக்கா சொன்னாங்க." (காக்கா என்றால் எங்கள் சாலை முனையில் ஐஸ் விற்ற தமிழ் முஸ்லிம் பெரியவர். அன்று வண்டியோடு திடலில் இருந்தவர்.) "ரொம்பக் குட்டையாம். அப்புறம் அது சந்தன மணை இல்ல. மண்ணெண்ணெய் டின்னு."

வகுப்பில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அப்புறம், அவர் அழுவலையாம் சார். மேடையப் பாக்கவே இல்லையாம். எல்லாரும் 'மெர்டேக்கா', சுதந்திரம்னு கத்துனப்ப திடுக்குனு தூக்கிப் போட்டுச்சாம், தூக்கத்துல எழுப்பின மாதிரி. 'அந்த வாத்தியாருக்கு என்னா ஆச்சுன்னு நானே பயந்துட்டேன்'னு காக்கா சொன்னாங்க."

கடைசி பெஞ்சு லேசாக முனகியது. "எந்த வாத்தியார்?" என்றார் தலைமையாசிரியர்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அதை நாங்க இன்னும் எழுதல சார். அப்ப ஒரு சாட்சிதான் கிடைச்சிருந்துச்சு," என்றாள்.

என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் செய்த ஆகப்பெரிய உபகாரம் அது. அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"அதுக்கப்புறம்தான் சார் மங்களம் அக்கா வீட்டுக்குப் போனோம்," என்றான் மாரிமுத்து.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அவங்க வீட்டுக்கு எதுக்குடா போனீங்க?"

"கதையில வர்றது அவங்கதானே சார்? வெள்ளி ஊசி, மஞ்சள் பாஜுச் சட்டை, அண்ணன் பிள்ளை. படிச்சவுடனே தெரிஞ்சிடுச்சு." வடதிசை நகர் என்று நான் போட்டிருந்த மாறுவேஷம் ஒரு பொடியன் முன்னால் ஒரு நிமிஷம் தாங்கவில்லை. "அங்க நெறைய பேரு இருந்தாங்க சார். சிங்கப்பூர்லேர்ந்து மோட்டார் காடியில வந்திருந்தாங்க. பச்சைக் குவே குடுத்தாங்க, தேங்காய்ப்பூ போட்டது. நான் ரெண்டு சாப்பிட்டேன்."

"சிங்கப்பூர்லேர்ந்து எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டது தலைமையாசிரியர்தான். நான் இன்னும் மேசையை விடவில்லை.

"அக்காவுக்குக் கல்யாணம் பேச சார். வெத்தலைத் தட்டெல்லாம் வச்சிருந்தாங்க."

மீதியை அஞ்சலை சொன்னாள். பெண்ணின் அப்பா கிருஷ்ண பிள்ளை, அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுதாகப் படிக்காமல் கருத்துச் சொல்லமாட்டார். பிள்ளைகள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, கதையை வரி வரியாக மலாயில் சொல்லச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்க, அஞ்சலை நின்று மொழிபெயர்த்திருக்கிறாள்.

"எல்லா வரியுமா?"

"ஆமா சார். சிலதை அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. மீன் மாதிரி கண்ணுன்னு சொன்னப்ப, மாப்பிள்ளையோட சின்னம்மா என்ன மீனுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கதையில மீன் பேரு இல்லையே சார். நான் தெரியலன்னேன். மாரிமுத்துதான் கெம்போங், நம்ம கானாங்கெளுத்தி, அந்த மீனுன்னு சொல்லிட்டான்."

"எனக்கு அந்த மீன் ஒண்ணுதான் சார் மலாயில தெரியும்," என்றான் மாரிமுத்து.

மங்களத்தின் கண்களைப் பற்றி நான் அதுவரை எழுதியிருந்த மொத்த இலக்கியமும் அந்த இடத்தில் மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. நெற்றியைத் துடைத்தேன். கைக்குட்டையில் சாக்பீஸ் தூள் இருந்ததால் முகமெல்லாம் வெள்ளையானது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சரி. போதும். உட்காரும்மா," என்றேன்.

"இன்னும் கடைசி வரி இருக்கு சார்."

"அது வேண்டாம்."

"நீங்கதானே சார் பதில் கிடைக்காம திரும்பக்கூடாதுன்னு சொன்னீங்க?" என்றாள் அஞ்சலை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "அந்த வரிதான் பொய்னு நாங்க எல்லாரும் நெனைச்சோம். ஏன்னா, டின்னு குடுத்தவரை யாரு திரும்பிப் பாப்பாங்க? அதனால அக்காகிட்டயே கேட்டோம். 'திரும்பிப் பாத்தீங்களா'ன்னு. அவங்க தட்டுல குவே எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தாங்க. தட்டைக் கீழ வச்சாங்க. வச்சுட்டு, பெத்துல்னு சொன்னாங்க."

பெத்துல். உண்மைதான்.

"திரும்பிப் பாத்தாங்களாம் சார். கூட்டம் கலையிற எடத்துல நின்னு பாத்தாங்களாம். அந்தத் தமிழ்ப்பள்ளிக்கூடத்துச் சிக்கு டின்னைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமா போயிக்கிட்டு இருந்தாருன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்களாம். அவரு திரும்பவே இல்லையாம்." சிறிது யோசித்துவிட்டு, நேர்மையான பிள்ளை, அதையும் சொன்னாள்: "சிக்குன்னா வாத்தியார். இப்ப ரெண்டு சாட்சி ஆயிடுச்சு சார்."

அந்தக் கதை முழுவதிலும் நான் பொய் என்று தெரிந்தே எழுதிய ஒரே வரி அது. ஒரு வருஷம் ஏங்கி, இப்படி நடந்திருக்கக்கூடாதா என்று உருகி, என் சொந்தச் செலவில் செய்த கற்பனை. மற்றதெல்லாம் பொய்யாகி, அது மட்டும் உண்மையாக நின்றது. சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஒரு வருஷம் பிந்தி, சிங்கப்பூர்க்காரர்கள் முன்னிலையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்திருந்தது.

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டேன். வாத்தியார் கேட்கிற குரலில் அல்ல.

"வேற ஒண்ணும் சொல்லல சார். தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க."

தலைமையாசிரியர் எழுந்து வந்தார். என் தோளில் கைவைத்தார். "தம்பி, சரித்திரம் போதும். கணக்குப் பாடம் எடுங்க."

அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு செட்டிக் கம்பத்துக்கு நடந்தார். மன்னிப்புக் கேட்க. வழியெல்லாம் திட்டுவார் என்று காத்திருந்தேன். கோயில் அருகே வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயி பேசியிருக்க மாட்டேனா? எனக்கு வெத்தலை பாக்கு வாங்கத் தெரியாதா? மலாய்தான் எனக்குத் தெரியாதா?"

அவருக்கு நன்றாகவே தெரியும். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஒரு வருஷம் தனியாக ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவன், அதைத் தூக்கப் பக்கத்து அறையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று யோசிக்கவில்லை. நான் படித்த தொடர்கதைகளில் எந்த நாயகனும் தன் தலைமையாசிரியரை அனுப்பிப் பெண் கேட்டதில்லை.

கிருஷ்ண பிள்ளை சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மலாயில் நிதானமாகப் பேசினார். பிள்ளைகளை நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்றார். எங்கள் வீட்டுக்குள் இவ்வளவு நேரம் தமிழ் கேட்டு ரொம்பக் காலம் ஆகிறது, புரியவில்லை என்றாலும் கேட்க நன்றாக இருந்தது என்றார். சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மீன் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். அடுத்த மாதம் கல்யாணம் என்றார். மன்னிக்கக்கூட அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

பிறகு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "யாராவது வந்து கேட்டிருந்தால், நான் என் மகளைக் கேட்டிருப்பேன். யாரும் வரவில்லையே."

தலைமையாசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

மங்களம்தான் தேநீர் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் நின்றாள். அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஒரு வருஷப் பயிற்சி. வார்த்தை வரிசையெல்லாம் சரி. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"தின் மாசே அடா?"

அந்த டின் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

"அடா," என்றேன். இருக்கிறது.

அவள் தலையை ஆட்டினாள். சிரித்தாளா என்று சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன். அதற்கு ஒரு சாட்சிதான் உண்டு. தட்டோடு உள்ளே போய்விட்டாள். அவளோடு நான் பேசிய மொத்தப் பேச்சும் அந்த ஒரு சொல்தான். நாக்குச் சுட, தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

கல்யாணத்துக்குத் தலைமையாசிரியர் போனார். எனக்குக் காய்ச்சல். (அதை யாரும் விசாரிக்கவில்லை.) சுதந்திர நாளில் அவள் சிங்கப்பூரில் இருந்தாள். நான் அதே திடலில், அதே டின்மேல் நின்றேன். கொடி, வாத்தியம், அணிவகுப்பு எல்லாமே தெரிந்தது. அவ்வளவு தெளிவாகச் சரித்திரத்தைப் பார்த்தவன் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எனக்கென்னவோ மறைத்துக்கொண்டு ஒரு முழங்கை இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

மலர் வந்தது. சிவப்பு ஐஸ் தீர்ந்த கதையும், சீனர் தொப்பியும், அஞ்சலை அப்பாவின் லாரியும் ஒரு எழுத்தும் மாறாமல் அதில் இருந்தன. படித்தவர்கள் எல்லாரும் 'ஆமா, அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு' என்றார்கள். 'திடல் கண்ட திருமகள்' இடம்பெறவில்லை. அதைக் கரும்பலகையிலிருந்து அழித்தது நான்தான். ஈரத்துணி போட்டு, இரண்டு தடவை.

பிறகு எனக்கும் கல்யாணமானது. தலைமையாசிரியர்தான் சிரம்பானுக்குப் போய்ப் பேசி முடித்தார். இந்த முறை என் பேச்சை எதிர்பார்த்து அவர் காத்திருக்கவில்லை. என் மனைவிக்கு முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை அவள்தான் சொல்கிறாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். மீன் வரும் இடத்தில் நிறுத்தி, பலகாரத் தட்டை நீட்டுவாள்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. யாரை வழியனுப்பினாலும், அவர்கள் கண்ணிலிருந்து மறைகிறவரை என்னால் நகர முடியாது. தபால்காரர் போனால்கூட வாசலில் நிற்பேன். யார் எந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் விருந்தாளிகள் கிளம்பினால், 'ஏதாவது மறந்து வச்சிருந்தா தெருமுனையிலேர்ந்து சத்தம் போடுங்க, அப்பா அங்கேயேதான் நிப்பாரு' என்று பிள்ளைகளே சொல்லி அனுப்புவார்கள்.

போன மாதம் மூத்த மகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனாள். பஸ் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையை ஆட்டினேன். பஸ் கிளம்பவில்லை. தொடர்ந்து ஆட்டினேன். மகள் ஜன்னலைத் திறந்தாள்.

"அப்பா, வீட்டுக்குப் போங்க. டிரைவர் இன்னும் பசியாறிக்கிட்டு இருக்காரு."

"இருக்கட்டும். நீ உட்காரு."

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்த ஒரு சீனக் கிழவி என் மேல் இரக்கப்பட்டு, மகளுக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் கையை ஆட்டினாள். டிரைவர் வந்தார், வாயைத் துடைத்தார், இன்னொரு டிரைவரோடு கதை பேசினார், ஒருவழியாக ஏறினார். பஸ் சாலைக்கு வந்து வளைந்தது. வளைவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. அது யார் கை என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. இருந்தாலும் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. என் மனைவி நிமிர்ந்து பார்க்காமல் தட்டை வைத்தாள்.

"பஸ் கோலாலம்பூர் போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "இப்பத்தான் தம்பின் ஊரைத் தாண்டியிருக்கும்."